தொட்டி பளிச்சென்று இருக்கிறது, சக்கர் மீனின் வயிறு ஒட்டிக் கிடக்கிறது: என்ன போடுவது?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். 60 லிட்டர் தொட்டி. கண்ணாடியில் பாசி பிடித்ததால் ஒரு சக்கர் மீன் வாங்கி விட்டிருக்கிறீர்கள். மூன்று வாரத்தில் கண்ணாடி சுத்தமாகிவிட்டது. ஆனால் மீன் இப்போது ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வயிறு உள்வாங்கியிருக்கிறது. இதற்குத் தனியாகச் சாப்பாடு போட வேண்டுமா, போட்டால் பாசி தின்பதை நிறுத்திவிடாதா, செடியின் ஓரத்தில் இருக்கும் கருப்புக் குஞ்சங்களை மட்டும் ஏன் தொடவே இல்லை என்று கேட்கிறீர்கள்.

இன்று ராத்திரி செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். ஒரு சுக்கினியோ வெள்ளரிக்காயோ எடுத்து, சுண்டுவிரல் தடிமனுக்கு வட்டமாக ஒரு துண்டு வெட்டுங்கள். கொதிக்கிற தண்ணீரில் ஒன்றரை நிமிடம் போட்டு எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் ஆறவிடுங்கள். எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி, தொட்டி விளக்கை அணைத்த பிறகு, மீன் ஒட்டியிருக்கும் மூலைக்குப் பக்கத்தில் தரையில் படும்படி இறக்கிவிடுங்கள். காலையில் கரண்டியோடு வெளியே எடுத்துவிடுங்கள். மீன் அதைத் தொட்டிருந்தாலும் சரி, தொடாவிட்டாலும் சரி, நாளை ராத்திரி இன்னொரு புதுத் துண்டு.

ஆமாம், தனியாகச் சாப்பாடு போட்டே ஆக வேண்டும். பாசி தின்னும் எந்த மீனுக்கும் இது பொருந்தும்.

ஒரு சின்னத் தோட்டத்தில் ஆட்டைக் கட்டிப் போட்டால் இரண்டு நாளில் புல் தீர்ந்துவிடும். மூன்றாம் நாள் தோட்டம் சுத்தமாக இருக்கிறது என்று நாம் சந்தோஷப்படலாம், ஆடு பட்டினி கிடக்கும். தொட்டியில் நடப்பதும் அதேதான். ஆற்றில் இந்த மீன்களுக்குக் கல், மூழ்கிய மரம், இலைச் சருகு என்று போகிற இடமெல்லாம் மேய்ச்சல் நிலம். அங்கே அவை சுரண்டித் தின்பது பச்சைப் பாசி ஒன்றை மட்டும் இல்லை. பாசி, பாக்டீரியா, கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள், பூச்சிப் புழுக்கள் எல்லாம் சேர்ந்த வழுவழுப்பான ஒரு படலம் அது. சத்து குறைந்த உணவு என்பதால் நிறையத் தின்ன வேண்டும். அதற்கென்றே இவற்றின் குடல் உடல் நீளத்தைப் போலப் பல மடங்கு நீண்டு, கடிகாரச் சுருள் மாதிரி வயிற்றுக்குள் சுற்றிக் கிடக்கிறது. பகலெல்லாம், இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டிய வயிறு அது.

உங்கள் தொட்டியில் மேய எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம் என்று வைத்துக்கொண்டால் நான்கு பக்கக் கண்ணாடியும் சேர்ந்து 0.65 சதுர மீட்டர்தான் வரும். அதில் பாசி நன்றாக வளர்வது வெளிச்சம் படும் பாதியில். அதையும் வாராவாரம் நாமே தேய்த்துவிடுகிறோம். வளர்கிற ஒரு மீனை அந்தப் பரப்பு தாங்காது.

ஆகவே, கண்ணாடி பளிச்சென்று ஆகிற நாள்தான் சாப்பாடு போட ஆரம்பிக்க வேண்டிய நாள். சொல்லப்போனால் அதற்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது நல்ல விதத்தில் இல்லை. என் முதல் தொட்டியில் ஐந்தாவது வாரமே நான்கு ஓட்டோசிங்க்லஸ் விட்டேன், சுருக்கமாக ஓட்டோ என்று சொல்கிற குட்டிப் பாசி தின்னி மீன். பழுப்புப் படலத்தைப் பத்தே நாளில் வழித்துத் துடைத்துவிட்டன. அப்புறம் ஒவ்வொன்றாகச் செத்தன. அம்மோனியா பார்த்தேன், நைட்ரைட் பார்த்தேன், இரண்டும் 0. தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. கடைசி மீன் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்தபோதுதான் அதன் அடிவயிற்றைக் கவனித்தேன். நிரம்பியிருக்க வேண்டிய இடத்தில், மார்புத் துடுப்புகளுக்குக் கீழே, கரண்டியால் வழித்து எடுத்தது மாதிரி ஒரு பள்ளம். அதுவரை அந்த வயிற்றை நான் ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை.

அதனால் எந்த உணவு, எத்தனை தீவன வில்லை என்பதற்கெல்லாம் முன்னால் வயிற்றைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். கண்ணாடியில் ஒட்டுகிற மீனில் இது ஒரு வசதி, மற்ற மீன்கள் காட்டாத அடிவயிற்றை இது நமக்கு நேராகக் காட்டுகிறது. நன்றாகத் தின்ற மீனின் வயிறு வெளிப்பக்கமாக மெதுவாக உப்பி, வெளிர்நிறமாக இருக்கும். ஓட்டோவாக இருந்தால் ஒரு சின்னப் பட்டாணியை விழுங்கியது மாதிரித் தெரியும். தட்டையாக இருந்தால் இரண்டு நாளாகச் சரியாகத் தின்னவில்லை என்று அர்த்தம். உள்வாங்கியிருந்தால் பல நாள் பட்டினி. கண்கள் உள்ளே போயிருப்பதும், தலைக்குப் பின்னால் முதுகு கத்தி மாதிரி ஒடுங்கியிருப்பதும் இன்னும் மோசமான நிலை. கழிவும் சேதி சொல்லும். மேய்கிற மீன் நாள் முழுக்க நீளநீளமாகப் பச்சையோ பழுப்போ கழித்துக்கொண்டே இருக்கும். கழிவே கண்ணில் படவில்லை என்றால் உள்ளே ஒன்றும் போகவில்லை. ஒரே நாள், ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டு வாரம் ஒரு முறை அடிவயிற்றைப் போனில் படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாத மாற்றம் படத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து, உங்களிடம் இருப்பது என்ன மீன்? 'சக்கர்' என்ற ஒரே பேரில் குணத்திலும் வாயிலும் வளர்த்தியிலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல மீன்களை விற்கிறார்கள். அதைப் பொறுத்துத்தான் சாப்பாடு.

முதுகுத் துடுப்பு பாய்மரம் மாதிரி உயர்ந்து, உடம்பெல்லாம் தட்டுத்தட்டாகச் செதில் கவசமும் புள்ளிகளும் இருந்தால் சாதாரண பிளெகோ. விரல் நீளத்தில் வாங்கிய அது 30 செ.மீ.க்கு மேல் வளரும். சின்னதாக இருக்கும்போது பாசி தின்னும், பெரிதாகப் பெரிதாகக் கிடைத்ததையெல்லாம் தின்னும். தலை அகலமாகத் தட்டையாக இருந்து, வளர்ந்த ஆணின் மூக்கில் மீசை மாதிரி முளைகள் கிளம்பினால் அது பிரிசில்நோஸ். 12 செ.மீ. அளவோடு நின்றுவிடும். வீட்டுத் தொட்டிக்கு நான் மனதாரச் சிபாரிசு செய்யும் பிளெகோ அது ஒன்றுதான். ஒல்லியாக, 4 செ.மீ.க்குள், பக்கவாட்டில் ஒரு கருங்கோடோடு இலைகளின் மேல் ஒட்டிக்கொண்டு திரிவது ஓட்டோ.

பொன்மஞ்சள் நிறத்திலோ பழுப்பிலோ நீளமாக, உதடு தடித்த ஒரு மீனைச் 'சைனீஸ் ஆல்கே ஈட்டர்' என்று தருவார்கள். இதைப் பற்றி எச்சரிக்க வேண்டும். குட்டியில் பாசி தின்னும், வளர வளர அதில் ஆர்வம் குறையும், 25 செ.மீ. வரை போகும், சண்டைக்காரனாக மாறும். பசித்தால் பக்கம் அகலமான மீன்களின் மேல் ஒட்டிக்கொண்டு உடம்பின் வழுவழுப்பை உறிஞ்சிவிடும். பட்டினி கிடக்கும் பிளெகோவும் இதைச் செய்யும். தங்கமீனின் பக்கவாட்டில் வட்டமாகச் செதில் போன சிவந்த புண் இருந்தால், முதலில் சக்கருக்கு ராத்திரிச் சாப்பாடு கிடைக்கிறதா என்று பாருங்கள்.

சயாமீஸ் ஆல்கே ஈட்டர் இந்தக் கூட்டத்தில் சேராது, அது ஒட்டிக்கொள்ளாமல் நீந்துகிற மீன். பக்கவாட்டுக் கருப்புப் பட்டை வால் துடுப்பின் நுனி வரைக்கும் ஓடும். அதைப் பற்றிக் கருப்புக் குஞ்சம் பேசும்போது சொல்கிறேன்.

சரி, காய்கறிக்கு வருவோம். வேக வைப்பது எதற்கு என்றால் இரண்டு காரணம். பச்சைக் காய் மிதக்கும், கீழே மேய்கிற மீனுக்கு எட்டாது. இன்னொன்று, பச்சைக் காயின் திசுச் சுவர் கெட்டியாக இருக்கும், சுரண்டித் தின்கிற சின்னப் பற்களுக்கு அது கடினம். ஒரு கொதி விட்டால் தளர்ந்துவிடும். அதற்காகக் குழைய வேக வைத்தால் தண்ணீரில் கரைந்து பரவும். நகத்தால் அழுத்தினால் பதிய வேண்டும், உடையக் கூடாது, அந்தப் பதம்தான் கணக்கு. கொதிக்க வைக்க நேரமில்லை என்றால் துண்டுகளை ஃப்ரீஸரில் உறைய வைத்து, உருகவிட்டுப் போடலாம். உள்ளே இருக்கும் நீர் பனிக்கட்டியாகும்போது திசுக்களை அதுவே உடைத்துவிடும். காயும் மூழ்கும், மீனுக்கும் மென்மையாகும். வாரத்துக்கு வேண்டியதை ஒரே நாளில் வெட்டி உறைய வைத்துவிடுகிறேன், எனக்கு அதுதான் சுலபம்.

எந்தக் காய் என்றால், எல்லாரும் சொல்வது வெள்ளரி. மீனுக்கும் பிடிக்கும். ஆனால் அதில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். வெள்ளரியை மட்டுமே போட்டு வளர்த்தால் மீன் தின்றுகொண்டே இளைக்கும். காயே தொட்டறியாத மீனைப் பழக்குவதற்கு வெள்ளரி சரி. அப்புறம் சுக்கினிக்கும் பூசணிக்கும் மாறுங்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கில் சத்து அடர்த்தி அதிகம், இளைத்த மீனைத் தேற்ற நல்லது. ஆனால் மாவுச்சத்து கரைந்து தண்ணீரைச் சீக்கிரம் கலக்கும், அதனால் கட்டைவிரல் நகம் அளவு போதும், சில மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். தோல் உரித்து நசுக்கிய பட்டாணி, பீன்ஸ், பசலைக்கீரை எல்லாம் போடலாம். பசலையில் ஆக்சலேட் இருப்பதால் அதை வாரம் ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்கிறேன். எதுவானாலும் நன்றாகக் கழுவுங்கள், மருந்து தெளித்திருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் தோலைச் சீவிவிடுங்கள். உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் பட்டிருக்கக் கூடாது. டப்பாவில் அடைத்த காய்கறியில் உப்பு இருக்கும், வேண்டாம்.

முதல் நாளே வந்து தின்னும் என்று எதிர்பார்க்காதீர்கள். காயைச் சாப்பாடு என்று தெரிந்துகொள்ளச் சில மீன்களுக்கு நான்கைந்து ராத்திரி ஆகும், ஓட்டோவுக்கு ஒரு வாரத்துக்கும் மேல்கூட ஆகலாம். தினமும் அதே இடத்தில் வையுங்கள். என் பிரிசில்நோஸ் பூசணிக்காயை முதல் மூன்று நாள் சுற்றிச் சுற்றிப் போனதே தவிர வாயை வைக்கவில்லை. நான்காம் நாள் காலையில் கரண்டியைத் தூக்கிப் பார்த்தபோது சதையெல்லாம் போய், காகிதம் மாதிரி தோல் மட்டும் கரண்டியில் தொங்கியது. தோலின் உள்பக்கம் முழுக்கச் சீப்பால் கீறியது மாதிரி வரிவரியாகச் சுரண்டல் தடம். அந்தத் தடத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் கவலையில்லை. இன்றைக்கு நீங்கள் போடும் துண்டையும் காலையில் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முழுசாக இருப்பது போலத் தெரிந்தாலும் மேல் பரப்பு சொரசொரப்பாகி இருந்தால் மீன் வந்து போயிருக்கிறது.

அடுத்து வில்லை, அதாவது ஆல்கே வேஃபர் என்று கடையில் விற்கும், தரையில் மூழ்கும் தீவனம். பெயரில் ஆல்கே இருப்பதால் உள்ளேயும் அதுதான் இருக்கும் என்று நம்ப வேண்டாம், பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். உட்பொருட்கள் அதிக அளவில் இருப்பதிலிருந்து வரிசையாக எழுதப்பட்டிருக்கும். முதல் இரண்டு இடத்தில் மீன்தூளும் கோதுமையும் இருந்து, ஸ்பைருலினா என்ற பாசித்தூள் கடைசியில் எங்கோ ஒரு மூலையில் இருந்தால் அது சாதாரண மீன் தீவனத்தைப் பச்சையாக்கி வட்டமாக அழுத்தியது. ஸ்பைருலினா, கெல்ப், குளோரெல்லா போன்ற பாசி வகைகள் முன்னால் இருப்பதைத் தேடி வாங்குங்கள். புரதம் எத்தனை சதவீதம் என்ற எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. உலர்ந்த ஸ்பைருலினாவிலேயே பாதிக்கு மேல் புரதம்தான். அந்தப் புரதம் எதிலிருந்து வருகிறது என்பதுதான் இந்த மீன்களுக்கு முக்கியம். இறைச்சிப் புரதமே தினமும் போனால் அந்த நீளக் குடலுக்குச் சரிப்படாது, வயிறு கல்லாக உப்பிக்கொள்ளும். வாரத்தில் ஒரு நாள் கொஞ்சம் உறைந்த ரத்தப்புழு போட்டால் பிரிசில்நோஸுக்குக் கெடுதல் இல்லை, தின்னவும் செய்யும். அதற்கு மேல் வேண்டாம்.

5 முதல் 7 செ.மீ. மீனுக்கு, கட்டைவிரல் நகம் அளவு வில்லையில் பாதி போதும். விளக்கு அணைந்து கால் மணி நேரம் கழித்துப் போடுங்கள். காலையில் மிச்சம் இருந்தால் அடுத்த முறை இன்னும் குறையுங்கள்.

இந்த நேரம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பலர் தோற்பது இங்கேதான். 'வேஃபர் போடுகிறேன், ஆனாலும் மீன் இளைக்கிறது' என்பவர்களைக் கேட்டுப் பார்த்தால் சாயங்காலம் விளக்கெரியும்போது போட்டிருப்பார்கள். வில்லை தரையைத் தொட்ட உடனே பார்பும் டெட்ராவும் சூழ்ந்துகொள்ளும், வில்லை காலியாகும், சக்கருக்குக் கிடைத்தது என்று நாம் நினைத்துக்கொள்வோம். பிளெகோ பெரும்பாலும் இருட்டில் நடமாடும் மீன். அதன் கண்ணைக் கிட்டத்தில் பாருங்கள், பாவையின் நடுவே மேலிருந்து ஒரு மடல் தொங்கும். வெளிச்சத்தில் அது விரிந்து கண்ணை முக்கால்வாசி மூடிவிடும், இருட்டில் சுருங்கித் திறந்துவிடும். அப்படிப்பட்ட மீன் பளீரென்ற விளக்கின் கீழே மற்ற மீன்களோடு போட்டி போடாது. முதலில் மற்றவற்றுக்கு உண்டானதை மேலே போட்டு வயிறு நிரப்புங்கள், விளக்கை அணையுங்கள், அப்புறம் சக்கர் ஒளிந்திருக்கும் குகைக்குள்ளேயே வில்லையைத் தள்ளிவிடுங்கள். ஓட்டோ விஷயத்தில் மட்டும் பகலிலேயே மேயும் என்பதால் இரண்டு வேளையும் முயற்சி செய்யலாம்.

மரத்துண்டு ஒன்று தொட்டியில் இருப்பது பிளெகோ எல்லாவற்றுக்கும் நல்லது. மரத்தின் மேல் படரும் படலத்தை அவை விடாமல் சுரண்டும், மரத்தூளும் கூடவே உள்ளே போகும். பனாக் என்ற இனம் மரத்தைக் குழி பறித்தே தின்னும். அதற்காக மரம் மட்டும் இருந்தால் போதும் என்று இருந்துவிட முடியாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த முறை. எந்தத் தீவனத்தையும்விட இதைத்தான் மீன்களும் முதலில் தேடி வருகின்றன. தண்ணீர் மாற்றும்போது வெளியே எடுத்த பழைய தொட்டித் தண்ணீரை ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றுங்கள். உள்ளங்கையில் அடங்கும் வழுவழுப்பான கூழாங்கற்கள் ஐந்தாறைக் கழுவி உள்ளே போடுங்கள். வெயில் விழுகிற ஜன்னலில் வைத்துவிடுங்கள். பழைய தண்ணீரில் மீன் கழிவின் சத்து இருக்கிறது, வெயில் இருக்கிறது, மேய ஆள் இல்லை, ஆகவே ஒரு வாரத்தில் கல்லின் மேல் பழுப்பாக ஒரு பூச்சு வரும், இரண்டு மூன்று வாரத்தில் பச்சை வெல்வெட் மாதிரி ஆகும். ஒரு கல்லை எடுத்துத் தொட்டியில் வையுங்கள். ஓட்டோக்கள் அதை எப்படி மொய்க்கும் என்பதைப் பார்த்தால்தான் புரியும். ஒரு கல்லில் மூன்று மீன்கள், தலை எல்லாம் ஒவ்வொரு திசையில், வாய் மட்டும் தையல் மெஷின் ஊசி மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். மறுநாள் மாலைக்குள் கல் பழையபடி வெறுங்கல். அதைத் திரும்ப ஜாடிக்குள் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டியதுதான். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று, கல்லின் மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும், வேறு கல் தேடுங்கள். ஜாடிக்கு வெளியிலிருந்து குளத்து நீரோ குளத்துப் பாசியோ சேர்க்க வேண்டாம், வேண்டாத உயிர்களும் கூட வந்துவிடும்.

ஓட்டோ வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இன்னொன்று. கடைக்கு வரும் ஓட்டோக்களில் பெரும்பாலானவை ஆற்றில் பிடித்தவை. பிடிபட்டு, பயணம் செய்து, கடைத் தொட்டியில் காத்திருந்து நம்மிடம் வரும்போதே பல நாள் பட்டினியில் இருக்கும். வாங்கும்போதே வயிறு பாருங்கள், உள்வாங்கியதை எடுக்காதீர்கள். தொட்டி ஓடத் தொடங்கி இரண்டு மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும், அதற்கு முன்னால் கற்களிலும் இலைகளிலும் படலமே பிடித்திருக்காது. ஒற்றையாக விடாமல் குறைந்தது ஆறு மீனைச் சேர்த்து விடுங்கள், கூட்டமாக இருந்தால்தான் தைரியமாக மேயும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. சாப்பாடு போட்டால் சோம்பேறியாகிப் பாசியை விட்டுவிடுமா? சயாமீஸ் ஆல்கே ஈட்டருக்கு இது ஓரளவு உண்மை. வளர்ந்த பிறகு தீவனத்தின் ருசி கண்டால் பாசிப் பக்கம் போவது குறையும். பிரிசில்நோஸும் ஓட்டோவும் அப்படி இல்லை. அவற்றுக்கு மேய்வது மூச்சு விடுவது மாதிரி, ராத்திரி பூசணி தின்றுவிட்டுப் பகலில் கண்ணாடியைச் சுரண்டும். பட்டினி போட்டால் நன்றாக வேலை செய்யும் என்று நினைப்பது தப்பு. பட்டினி கிடக்கும் மீன் நீங்கள் பார்த்த மாதிரி மூலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும், மிச்சம் இருக்கும் பாசியையும் தேடிப் போகாது.

பாசி குறைவது மீனால் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மீன் தின்ற பாசி கழிவாகித் திரும்பத் தண்ணீருக்கே வருகிறது, அந்தச் சத்தில் மறுபடி பாசி வளர்கிறது. விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம், வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுவது, மற்ற மீன்களுக்குத் தீவனத்தை அளவோடு போடுவது, இவைதான் பாசியைக் கட்டுப்படுத்தும். தொட்டியில் நேர் வெயில் விழுந்தால் முதலில் அதை மறையுங்கள்.

காய்கறி போட ஆரம்பித்தால் தண்ணீரையும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் எந்தத் துண்டும் உள்ளே இருக்கக் கூடாது. அழுகினால் பாக்டீரியா பெருகி ஆக்சிஜனைத் தின்னும், அம்மோனியா ஏறும், தண்ணீர் பால் மாதிரி கலங்கும். பிளெகோ ஒரு முறை மேலே போய்க் காற்றை விழுங்கிவிட்டு வந்தால் பயப்பட வேண்டாம், வயிற்றால் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்கத் தெரிந்த மீன் அது. நிமிடத்துக்கு ஒரு தடவை போய் வந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது. காயை எடுத்துவிட்டுத் தண்ணீர் மாற்றுங்கள், ஏர் பம்ப் ஓடட்டும்.

வாரக் கணக்கு என்று கேட்டால், ஒரே ஒரு சின்னப் பிளெகோ இருக்கும் தொட்டியில் நான் மூன்று ராத்திரி காய், மூன்று ராத்திரி பாதி வில்லை, ஒரு ராத்திரி ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்வேன். உங்கள் மீன் இளைத்திருப்பதால் முதல் இரண்டு வாரம் அந்த ஓய்வு நாள் வேண்டாம். ஒரே தடவையில் நிறையக் கொட்டாமல் தினமும் கொஞ்சமாகக் கொடுங்கள். மீன் நகரவே தெம்பில்லாமல் இருந்தால், தொட்டிக்குள்ளேயே தொங்கவிடும் குஞ்சுப் பெட்டியில் அதைத் தனியாக வைத்து, ஒரு பாசிக்கல்லையும் ஒரு துண்டு சுக்கினியையும் பக்கத்திலேயே வையுங்கள். தேடி அலையும் செலவு மிச்சம். இரண்டு வாரம் நன்றாகத் தின்றும், கழிவு போயும், வயிறு நிரம்பவில்லை என்றால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம், மீன்களுக்கான குடற்புழு மருந்து பற்றி யோசிக்க வேண்டும். தொட்டியில் இறாலோ நத்தையோ இருந்தால் மருந்தில் தாமிரம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மீன் சாதாரண பிளெகோ என்று தெரிந்தால், தேற்றிய பிறகு பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், 60 லிட்டரில் அது திரும்பக்கூட முடியாது. ஆற்றிலோ ஏரியிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்படி விடப்பட்ட பிளெகோக்கள் பல நாடுகளின் நீர்நிலைகளில் பெருகி, அங்கே இருந்த மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

கடைசியாகக் கருப்புக் குஞ்சங்கள். பாசி என்று நாம் சொல்வதெல்லாம் ஒன்று இல்லை, ஒவ்வொன்றையும் தின்கிற வாய் வேறு. புதுத் தொட்டியில் வரும் பழுப்புப் படலம் டயாட்டம், அதை ஓட்டோவும் பிளெகோவும் விரும்பித் தின்னும், சில வாரத்தில் தானாகவும் போய்விடும். கண்ணாடியில் புள்ளிப் புள்ளியாகக் கெட்டியாக ஒட்டும் பச்சையை மீன்களால் பெயர்க்க முடியாது, நெரைட் நத்தை ஓரளவு சுரண்டும், மிச்சத்துக்குப் பிளேடுதான். தண்ணீரே பச்சையாக இருந்தால் அது மிதக்கும் பாசி, சுரண்டித் தின்னும் வாய்க்குள் அது அகப்படாது. நீலப்பச்சையாகத் தோல் மாதிரி உரிந்து வந்து நாறுவது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா, சக்கர் எதுவும் அதைத் தொடாது. உங்கள் இலை ஓரத்தில் இருப்பது கருப்புத் தாடிப் பாசி, கருப்பாகத் தெரிந்தாலும் சிவப்புப் பாசி வகையைச் சேர்ந்தது. பிளெகோ அதைத் தின்னாது. தின்பது இளம் சயாமீஸ் ஆல்கே ஈட்டர், ஆனால் அது 15 செ.மீ. வரை வளர்ந்து ஓடித் திரிகிற மீன், 60 லிட்டரில் விட வேண்டாம். பாதித்த இலைகளை அடியோடு கத்தரித்து எடுத்துவிடுங்கள், மரத்திலும் ஃபில்டர் குழாயிலும் இருப்பதை வெளியே எடுத்துத் தேய்த்துவிடுங்கள், விளக்கு நேரத்தைக் குறையுங்கள். நிலைமை அதற்கு ஒவ்வாமல் போகும்போது குஞ்சங்கள் முதலில் சாம்பலாகும், பிறகு இளஞ்சிவப்பாகும். அந்த நிறத்துக்கு வந்துவிட்டால் செத்த பாசி, கொழகொழவென்று இளகிவிடும். அதுவரை திரும்பிப் பார்க்காத இறால்களும் சின்ன மீன்களும் அப்போது வந்து பிய்த்துத் தின்னும்.